மெயில் சேர்வருக்கு டிஎல்எஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகள், வெள்ளவத்தை டியூட்டரிகள், கொட்டாஞ்சேனையில் கணக்காளர் அலுவலகங்கள் என்று சொந்தமாக மெயில் சேர்வர் வைத்திருக்கும் சின்ன இடங்கள் கொழும்பில் இன்னும் உண்டு. அவற்றுக்கு மறைகுறியாக்கம், அதாவது டிஎல்எஸ், ஏற்றிக் கொடுக்கப் போனால் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதி அலுத்துப்போய் இங்கே ஒன்றாகப் போடுகிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், அதை வாசிக்கக் கொடுக்கும் டவ்கொட்டும் லினக்ஸில் ஓடும் சேர்வரை மனதில் வைத்து எழுதியது இது. அமைப்புகளின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் கொடுத்திருக்கிறேன். ஃபைலில் எழுதும்போது சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மெயிலுக்குப் பாஸ்வேர்ட் இருக்குத்தானே? பிறகு என்னத்துக்கு இன்னொரு பூட்டு?

யார் உள்ளே வரலாம் என்பதை மட்டுமே பாஸ்வேர்ட் பார்த்துக்கொள்ளும். அந்தப் பாஸ்வேர்டே எந்த வழியால் வருகிறது என்பது வேறு விஷயம். மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி 1982இல் எழுதப்பட்டது. அப்போது இணையத்தில் இருந்தவை சில நூறு கணினிகள்; ஒளிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. டிஎல்எஸ் இல்லாத சேர்வருக்கு உங்கள் போன் பாஸ்வேர்டை பேஸ்64 என்ற வடிவில் அனுப்பும். பார்க்கப் புரியாத எழுத்துபோல இருந்தாலும் அதில் இரகசியம் எதுவும் இல்லை, ஒரே கட்டளையில் திருப்பி வாசித்துவிடலாம்.

காலி வீதியில் ஒரு கடையின் வைஃபையில் இருந்து நீங்கள் மெயில் பார்த்தால், அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவர் அதை எடுத்துவிட முடியும். அப்புறம் உங்கள் பெயரிலேயே வாடிக்கையாளருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த இலக்கத்துக்குக் காசு போடுங்கள்" என்று ஒரு மெயில் போகும். இறக்குமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எஸ்எஸ்எல், டிஎல்எஸ், ஸ்டார்ட்டிஎல்எஸ்… மூண்டும் ஒண்டா?

முதல் இரண்டும் ஒரே பரம்பரை. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் செய்தது எஸ்எஸ்எல். அது 1999இல் திருத்தப்பட்டு டிஎல்எஸ் ஆனது. எஸ்எஸ்எல் முழுவதும் கைவிடப்பட்டாயிற்று, டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021இல் அதே வழியில் போயின. இன்றைக்கு ஓட வேண்டியவை 1.2உம் 1.3உம். மெயில் செயலியில் இன்னும் எஸ்எஸ்எல் என்று போட்டிருந்தால் டிஎல்எஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டிஎல்எஸ் ஒரு கட்டளை. இணைப்பு முதலில் வெறும் எழுத்தாகத் தொடங்கும். "என்னிடம் ஸ்டார்ட்டிஎல்எஸ் இருக்கிறது" என்று சேர்வர் சொல்லும், மற்றப் பக்கம் "சரி, தொடங்கு" என்றால் அந்தக் கணத்திலிருந்து மறைகுறியாக்கம். இதற்கு மாறாக, இணைந்த முதல் எழுத்திலிருந்தே டிஎல்எஸ்ஸாகப் பேசும் முறையும் உண்டு. எந்த இடத்தில் எது என்பது அடுத்த கேள்வியில்.

25, 465, 587. ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்கள். நான் எதைத் திறக்கிறது?

மெயில் இரண்டு விதமாக நடமாடுகிறது. உங்கள் ஊழியரின் போனிலிருந்து உங்கள் சேர்வருக்கு வருவது ஒன்று. ஒரு சேர்வரிலிருந்து இன்னொரு சேர்வருக்குப் போவது மற்றது. முதலாவதில் பாஸ்வேர்ட் இருக்கிறது, இணைகிறவர் உங்கள் ஆள், அவரிடம் நீங்கள் நிபந்தனை போடலாம். இரண்டாவதில் வருகிறவர் உலகத்தில் எவரும், பாஸ்வேர்டும் இல்லை. இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இந்த நம்பர்கள் போர்ட்டுகள், அதாவது சேர்வரின் வாசல் இலக்கங்கள். 25 சேர்வருக்கும் சேர்வருக்கும் இடையில். அதில் ஸ்டார்ட்டிஎல்எஸ் மட்டும்தான். 587, 465 இரண்டும் உங்கள் ஆட்களுக்கு. 587 ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸில் தொடங்கும், 465 முதலிலிருந்தே டிஎல்எஸ். 465க்கு ஒரு கதை இருக்கிறது. 1997இல் அதை ஒதுக்கிக் கொடுத்தார்கள், ஸ்டார்ட்டிஎல்எஸ் வருகிறது என்று அடுத்த வருடமே பறித்தார்கள். ஆனால் மெயில் செயலிகள் அதை விடவே இல்லை. கடைசியில் 2018 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம் அதை மறுபடி முறைப்படி ஏற்றுக்கொண்டது. அதைத்தான் விரும்பத்தக்கது என்றும் சொன்னது. "465 பழசு, பாவிக்காதே" என்று யாராவது சொன்னால் அவர் வாசித்தது 2018க்கு முந்தியது.

இரண்டையும் திறந்து வையுங்கள். புதிதாக ஒரு போனில் அமைக்கும்போது 465ஐக் கொடுங்கள். மெயில் வாசிக்கும் பக்கத்தில் ஐமேப் நெறிமுறைக்கு 993, பாப்3 நெறிமுறைக்கு 995. பழைய 143, 110 இரண்டையும் வெளியிலிருந்து மூடிவிடலாம்.

செர்டிபிகேட்டுக்கு வருஷா வருஷம் டொலரில கட்டோணுமே, தம்பி?

தேவையில்லை. இந்தச் சேர்வர் உங்களுடையதுதான் என்று காட்டும் ஃபைல்தான் சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாக அதைக் கொடுக்கிறது. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ் மெயிலை இதைவிடப் பலமாக மூடுவதில்லை. டொலர் கிடைக்காமல் வங்கி அட்டைகள் முடங்கிய 2022இல் இதற்கு மாறிய அலுவலகங்கள் திரும்பிப் பழைய வழிக்குப் போகக் காரணம் எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியது பெயர். உங்கள் முகவரி "கடை டொட் எல்கே" என்று முடிந்தாலும், செயலியில் சேர்வர் பெயராக "மெயில் டொட் கடை டொட் எல்கே" என்று கொடுத்திருந்தால் சான்றிதழில் அந்த முழுப் பெயர் இருக்க வேண்டும். உங்கள் டொமைனின் மெயில் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவில் இருக்கும் பெயரும் அதுவாகவே இருந்தால் தலையிடி இல்லை.

நானே ஒரு செர்டிபிகேட் செய்து போட்டன். மெயில் போகுது, வருது. அவுட்லுக் மட்டும் கத்துது. விட்டிடலாமா?

மெயில் போய்வருவதற்குக் காரணம், 25இல் வரும் சேர்வர்கள் பெரும்பாலும் சான்றிதழைச் சரிபார்ப்பதே இல்லை. காலாவதியானதோ சொந்தத் தயாரிப்போ, கிடைத்ததை வைத்து மறைகுறியாக்கிக்கொண்டு போய்விடும். ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை என்ற கணக்கு.

அவுட்லுக் கத்துவது சரியான காரணத்துக்காக. அது பாஸ்வேர்ட் கொடுக்கப் போகிறது, கொடுக்கும் இடம் உங்களுடையதுதானா என்று தெரிய வேண்டும். "ஓகே அழுத்துங்கோ, ஒண்டும் இல்லை" என்று ஊழியர்களைப் பழக்கிவிட்டால், நாளைக்கு உண்மையிலேயே நடுவில் ஒருவன் புகுந்தாலும் அவர்கள் ஓகேதான் அழுத்துவார்கள். விடாதீர்கள், இலவசச் சான்றிதழை எடுங்கள்.

சரி, போஸ்ட்ஃபிக்ஸில என்னென்ன மாத்தோணும்?

போஸ்ட்ஃபிக்ஸில் டிஎல்எஸ் 2.2 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. மெயின் ஃபைலில் நான்கு வரி. "எஸ்எம்டிபிடி டிஎல்எஸ் செயின் ஃபைல்ஸ்" என்பதில் முதலில் தனிச் சாவி, அடுத்து முழுச் சங்கிலிச் சான்றிதழ், அதாவது உங்கள் சான்றிதழோடு அதை வழங்கியவரின் சான்றிதழும் சேர்ந்தது. இந்த வரிசை மாறக் கூடாது. "எஸ்எம்டிபிடி டிஎல்எஸ் செக்யூரிட்டி லெவல்" என்பதற்கு "மே", அதாவது முடிந்தால் டிஎல்எஸ். "எஸ்எம்டிபி டிஎல்எஸ் செக்யூரிட்டி லெவல்" என்பதற்கும் "மே". "எஸ்எம்டிபிடி டிஎல்எஸ் ஒத் ஒன்லி" என்பதற்கு "யெஸ்".

நடுவிலுள்ள இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறு. கடைசியில் "டி" இருப்பது உங்களுக்கு வரும் மெயிலுக்கு, இல்லாதது நீங்கள் அனுப்பும் மெயிலுக்கு. உள்ளே வருவதை மட்டும் மூடிவிட்டு வெளியே போவதை வெறும் எழுத்தாகவே விட்டுவைத்த சேர்வர்கள் எத்தனையோ, எல்லாம் இந்த ஒற்றை எழுத்தால். நான்காவது வரி, டிஎல்எஸ் தொடங்கும் முன் பாஸ்வேர்ட் கேட்காதே என்று சொல்கிறது. இந்த நான்கில் எதையாவது ஒன்றைத்தான் போட முடியும் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் சங்கிலி வரிக்கு அடுத்து இதைத்தான் போடுவேன்.

மாஸ்டர் ஃபைலில் 587க்கான பகுதியில் செக்யூரிட்டி லெவலை "என்கிரிப்ட்" ஆக்குங்கள். 465க்கான பகுதியில் "எஸ்எம்டிபிடி டிஎல்எஸ் ராப்பர்மோட்" என்பதற்கு "யெஸ்" கொடுங்கள். அதன் பிறகு ரீலோட்.

டவ்கொட்டில?

"எஸ்எஸ்எல்" என்பதற்கு "ரிக்வயர்ட்", அதோடு சான்றிதழ், சாவி இரண்டினதும் இடம். டவ்கொட் 2.4இல் இந்த அமைப்புகளின் பெயர்கள் மாறியிருக்கின்றன, பழைய வழிகாட்டியைப் பார்த்து அப்படியே ஒட்டினால் சேவை எழும்பாது.

25இலயும் "என்கிரிப்ட்" எண்டு கட்டாயமாக்கினா இன்னும் பாதுகாப்புத்தானே?

இல்லை, அங்கே அப்படிப் போடக் கூடாது. 25 உலகத்துக்குத் திறந்த கதவு. டிஎல்எஸ் தெரியாத ஒரு சேர்வரிலிருந்து உங்களுக்கு ஓடர் வந்தால் அது திரும்பிப் போய்விடும், உங்களுக்குத் தெரியக்கூட வராது. எஸ்எம்டிபிக்கான ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸை வரையறுக்கும் 2002ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3207, பொதுவில் மெயில் வாங்கும் சேர்வர் இதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது.

இதில் இன்னொரு விசித்திரம். 25இல் டிஎல்எஸ் 1.3 மட்டும் என்று இறுக்கினீர்கள் என்று வையுங்கள். 1.2 மட்டும் தெரிந்த சேர்வர் டிஎல்எஸ் தொடங்கும் கைகுலுக்கலில் தோற்கும், பிறகு பெரும்பாலும் மறைகுறியாக்கமே இல்லாமல் மறுபடி முயலும். பூட்டை இறுக்கப் போய்க் கதவையே கழற்றியதாக முடியும். பாஸ்வேர்ட் வரும் 465, 587, 993இல் எவ்வளவும் இறுக்குங்கள், 25இல் தளர்வாக விடுங்கள்.

வேலை செய்யுதா எண்டு எப்பிடிப் பாக்கிறது?

ஓபன்எஸ்எஸ்எல்லின் "எஸ் கிளையன்ட்" கட்டளையால் 25க்கும் 587க்கும் "ஸ்டார்ட்டிஎல்எஸ் எஸ்எம்டிபி" என்ற தெரிவோடு இணைந்து பாருங்கள். 465க்கும் 993க்கும் அந்தத் தெரிவு வேண்டாம். போட்டால் அப்படியே தொங்கி நிற்கும். அலுவலகத்துக்கு உள்ளிருந்து மட்டும் பார்க்காமல் போனின் டேட்டாவிலிருந்தும் பாருங்கள்.

கட்டளை தெரியாதவர்கள் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, மூலத்தைக் காட்டும் தெரிவில் "ரிசீவ்ட்" வரிகளைப் பார்க்கலாம். டிஎல்எஸ் பதிப்பு அங்கே எழுதியிருக்கும். டிஎல்எஸ் இல்லாமல் வந்த மெயிலுக்கு ஜிமெயில் 2016இலிருந்து திறந்த சிவப்புப் பூட்டுக் காட்டுகிறது.

போஸ்ட்ஃபிக்ஸ் லொக்கில் "அன்ட்ரஸ்டட் டிஎல்எஸ் கனெக்ஷன்" என்று வருவதைக் கண்டு பயந்து பலர் அழைக்கிறார்கள். மறைகுறியாக்கம் நடந்தது, மற்றப் பக்கத்தின் சான்றிதழை மட்டும் சரிபார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள். "மே" நிலையில் அது வழமை.

நல்லா ஓடினது, மூண்டு மாசத்தில திடீரெண்டு எல்லாற்ற போனும் எச்சரிக்கை காட்டுது. ஆனா மெயில் வந்துகொண்டுதான் இருக்கு. என்ன கூத்து?

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் 90 நாள். சான்றிதழை எடுத்துத் தரும் சேர்ட்பொட் என்ற நிரல் அதைத் தானாகப் புதுப்பித்திருக்கும், புதியது ஃபைலிலும் இருக்கும். டவ்கொட் மட்டும் தொடங்கும்போது வாசித்த பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் துணைச் செயல்முறைகள் அவ்வப்போது முடிந்து புதிதாக எழும்புவதால் அது தானாகப் புதியதை எடுத்துவிடுகிறது. அதனால்தான் அனுப்புவது சரி, வாசிப்பது மட்டும் பிழை என்ற அரைகுறை நிலை. சேர்ட்பொட்டின் "டிப்ளோய் ஹூக்" அடைவில் இரண்டையும் ரீலோட் செய்யும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டுவிடுங்கள்.

புதுப்பித்தலே நடக்காமல் இருந்தால் முதலில் 80ஆம் போர்ட்டைப் பாருங்கள். "மெயில் சேர்வருக்கு இது எதற்கு" என்று யாரோ ஃபயர்வோலில் மூடியிருப்பார்கள். சான்றிதழ் கொடுப்பவர்கள் அந்த வழியால்தான் உங்களைச் சரிபார்க்கிறார்கள். திறக்க விருப்பமில்லை என்றால் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன் பெயர்களின் பதிவேட்டில், ஒரு பதிவு போட்டு நிரூபிக்கும் முறைக்கு மாறலாம்.

காலாவதியாகப் போகிறது என்று முன்பு வரும் மெயிலை நம்பி இருந்தவர்களுக்கு: லெட்ஸ் என்கிரிப்ட் அதை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆயுளும் குறையத்தான் போகிறது. பொதுச் சான்றிதழ் எதுவும் 2029 மார்ச்சிலிருந்து 47 நாளுக்கு மேல் இருக்க முடியாது என்று முடிவாகியிருக்கிறது. கையால் புதுப்பிக்கிறவர்கள் இப்போதே அந்தப் பழக்கத்தை விடுவது நல்லது.

கரண்ட் போய் வந்தது. இப்ப "செர்டிபிகேட் இன்னும் செல்லுபடியாகேல்ல" எண்டுது. நேற்றுவரைக்கும் நல்லா இருந்ததே!

கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசளவு பட்டரி செத்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் திகதிக்கு உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும் சேவையை இயங்க வையுங்கள், பட்டரியையும் மாற்றுங்கள்.

ஒஃபிஸ் ஸ்கேனர் மெஷின் இப்ப மெயில் அனுப்ப மாட்டேங்குது. பழைய மாதிரியே ஆக்கிவிடுங்களேன்?

இந்தக் கோரிக்கை எல்லா இடத்திலும் வரும். பழைய ஸ்கேனர், போட்டோகொப்பி இயந்திரங்களுக்கு டிஎல்எஸ் 1.0க்கு மேல் தெரியாது. சிலவற்றுக்கு டிஎல்எஸ்ஸே தெரியாது. அந்த ஒரு மெஷினுக்காக முழுச் சேர்வரையும் பின்னுக்கு இழுக்க வேண்டாம்.

சேர்வர் அதே கட்டடத்தில் இருந்தால், உள் வலையமைப்பில் மட்டும் கேட்கும் தனி போர்ட் ஒன்றைத் திறந்து, அந்த மெஷினின் ஐபி முகவரிக்கு மட்டும் பாஸ்வேர்ட் இல்லாமல் அனுப்ப அனுமதி கொடுங்கள். சேர்வர் வெளியே எங்கேயோ இருந்தால், அலுவலகத்தில் ஒரு சின்னக் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு நடுவில் வையுங்கள். மெஷின் அதற்கு வெறும் எழுத்தாகக் கொடுக்கும், அது 587 வழியாக டிஎல்எஸ்ஸில் வெளியே அனுப்பும். வைஃபை விருந்தினர்களை அந்த உள் வலையமைப்பில் விடாதீர்கள்.

போன்களிலும் இப்படி உண்டு. அண்ட்ரொயிட் 7.1.1க்கு முந்தியவற்றில் லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழ் இல்லை. அவற்றுக்காக இருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டெம்பரில் முடிந்துவிட்டது. அவ்வளவு பழைய போனில் கம்பனி மெயில் இருப்பதே சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி எங்கட மெயிலை ஒருத்தரும் வாசிக்க ஏலாது எண்டு எங்கட லோயர் கிளையண்டுக்குச் சொல்லிப்போட்டார். உண்மைதானே?

இல்லை, அப்படிச் சொல்லாதீர்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போகும் தபால் பையை நினைத்துப் பாருங்கள். பை முத்திரையோடு போகிறது, வழியில் யாரும் கை வைக்க ஏலாது. ஆனால் ஒவ்வொரு தபாலகத்திலும் பையைத் திறந்துதான் பிரிப்பார்கள். டிஎல்எஸ் மூடுவது பயணத்தை மட்டும். உங்கள் சேர்வரிலும் பெறுபவரின் சேர்வரிலும் மெயில் திறந்தே இருக்கிறது. அங்கே நிர்வாகியாக இருப்பவர் நினைத்தால் வாசிக்கலாம். அனுப்புகிறவரிலிருந்து பெறுபவர் வரை மூட வேண்டுமென்றால் எஸ்மைம் அல்லது ஓபன்பிஜிபி வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் ஒத்துழைக்க வேண்டும்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு பற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், தரவைக் காக்கும் வழிகளில் ஒன்றாக மறைகுறியாக்கத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டிஎல்எஸ் அதில் ஒரு பகுதி. சேர்வர் டிஸ்க்கில் கிடக்கும் மெயில், யாருக்கு நிர்வாகி அனுமதி என்பதெல்லாம் தனி வேலை.

டிஎல்எஸ் போட்டாச்சு. இன்னும் ஜிமெயில் எங்கட இன்வொய்ஸை ஸ்பாமில போடுதே?

டிஎல்எஸ் இருப்பதால் ஸ்பாமிலிருந்து வெளியே வரமாட்டீர்கள். இல்லாவிட்டால் உள்ளே போகக்கூடும்: ஜிமெயில் 2024 பெப்ரவரியிலிருந்து அனுப்புகிறவர்களுக்குப் போட்ட விதிகளில் டிஎல்எஸ்ஸும் ஒன்று. மற்றவை, மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க், அதோடு உங்கள் ஐபி முகவரிக்குச் சரியான எதிர்ப் பெயர்ப் பதிவு, அதாவது ஐபியிலிருந்து சேர்வரின் பெயரைக் காட்டும் பதிவு. கடைசியாகச் சொன்னது உங்கள் இணைய இணைப்பைக் கொடுப்பவரின் கையில் இருக்கிறது, அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

டொட் இலங்கை டொமைனுக்கு இதெல்லாம் சரிவருமா?

வரும். தமிழில் எழுதிய டொமைன், டிஎன்எஸ்ஸுக்குள் "எக்ஸ்என்" என்று தொடங்கும் ஆங்கில எழுத்துத் தொடராக மாறித்தான் இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் 2016 ஒக்டோபரிலிருந்து இப்படிப்பட்ட பெயர்களுக்கும் சான்றிதழ் கொடுக்கிறது. விண்ணப்பிக்கும்போது அந்த எக்ஸ்என் வடிவத்தைக் கொடுங்கள். "@" குறிக்கு முன்னாலும் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் எஸ்எம்டிபி யூடிஎஃப்8 என்ற நீட்சி தேவை. போஸ்ட்ஃபிக்ஸ் 3.0இலிருந்து அது இருக்கிறது. மற்றப் பக்கத்திலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெயில் திரும்பி வரும்.

நடுவில ஒருத்தன் அந்த ஸ்டார்ட்டிஎல்எஸ் வரியையே அழிச்சுவிட்டா?

நல்ல கேள்வி. 25இல் தளர்வாக விடச் சொன்னேன் அல்லவா, அதன் ஓட்டை இதுதான். "ஸ்டார்ட்டிஎல்எஸ் இருக்கிறது" என்ற வரி வெறும் எழுத்தாகத்தான் போகிறது. நடுவில் இருப்பவர் அதை அழித்துவிட்டால் அனுப்பும் சேர்வர் "இங்கே டிஎல்எஸ் இல்லை போலும்" என்று நினைத்து வெறும் எழுத்தில் அனுப்பிவிடும். இதற்கு எப்போதும் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. மெயிலைப் பரிசோதிக்கும் சில பழைய ஃபயர்வோல்கள் தமக்குத் தெரியாத இந்தச் சொல்லை எக்ஸ் எழுத்துகளால் நிரப்பிவிடும். வெளியிலிருந்தும் பரிசோதியுங்கள் என்று மேலே சொன்னதற்கு ஒரு காரணம் இது.

அடைக்க இரண்டு வழி. எம்டிஏ எஸ்டிஎஸ் 2018இல் வந்தது: "எனக்கு அனுப்பும்போது டிஎல்எஸ் கட்டாயம், என் சேர்வரின் பெயர் இது, சான்றிதழைச் சரிபார்" என்று ஒரு சின்ன ஃபைலை எச்டிடிபிஎஸ் தளத்தில் வைத்து, டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவும் போடுவது. ஜிமெயில் இதை மதிக்கிறது. இந்த முறையில் 25இன் கதவை நீங்கள் மூடவில்லை, சரிபார்க்கத் தெரிந்தவர்களை மட்டும் சரிபார்க்கச் சொல்கிறீர்கள். டேன் இரண்டாவது வழி: சான்றிதழின் கைரேகையை டிஎன்எஸ்ஸிலேயே போடுவது. அதற்கு உங்கள் டொமைனில், டிஎன்எஸ் பதிவுகளுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் இருக்க வேண்டும். சேர்ட்பொட் ஒவ்வொரு முறையும் புதுச் சாவி உண்டாக்கினால் கைரேகை பிழைத்துப்போகும் என்பதால், பழைய சாவியையே திரும்பப் பாவிக்கும் தெரிவையும் போட வேண்டும்.

சின்ன அலுவலகத்துக்கு எம்டிஏ எஸ்டிஎஸ் போதும். முதலில் "டெஸ்டிங்" நிலையில் வையுங்கள், கூடவே டிஎல்எஸ் ஆர்பிடி என்ற அறிக்கைப் பதிவையும் போடுங்கள். எந்தச் சேர்வர் எங்கே தோற்றது என்று பெரிய நிறுவனங்கள் நாளுக்கொரு அறிக்கை அனுப்பும். சில வாரம் தோல்வி எதுவும் இல்லாமல் வந்தால் "என்ஃபோர்ஸ்" ஆக்குங்கள். அதற்குப் பிறகு சான்றிதழ் காலாவதியானால் எச்சரிக்கை மட்டும் வராது, மெயிலே வராமல் நிற்கும்; ஆகவே அந்த ரீலோட் ஸ்கிரிப்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.